பதிவு இலக்கம் நாற்பத்தொன்று

நாலு பேருக்கு ஒரு போன்.
நுஸ்கியின் ராத்தாவுடையது.
இடது மூலையில் வெடிப்பு;
அந்தப் பக்கம் எது விழுந்தாலும்
அதற்கு ஒரு வால் கூடுதலாக முளைத்துவிடும்.
காலையில் அறுபது வீதம் சார்ஜ்.
காகங்களுக்கே இருபது போயிற்று.

சும்மா காகம் எண்டு போடாத,
என்ன காகம் எண்டு போடு, என்றாள் லோஜினி.
கழுத்துச் சாம்பல். போட்டோம்.
எத்தனை? என்றது திரை.
இறைச்சிக் கடைக் கூரையில் ஒன்பது,
கரண்ட் கம்பியில் ஆறு,
எண்ணி முடிய
கூரையில் இருந்தவை கம்பிக்கு வந்துவிட்டன.
பதினைந்து.
நிச்சயமா? என்றது.
நுஸ்கி இன்றுவரை இருபத்தொன்று என்கிறான்.

கிருலப்பனைப் பாலத்தின் கீழே
யாரோ எறிந்த குளிர்சாதனப் பெட்டிக் கதவின்மேல்
கபரக்கொய்யா வெயில் காய்ந்தது.
பஸ்ஸுக்கு நிற்கிறவரைப் போல
எங்களை ஒருதரம் பார்த்தது,
நாங்கள் அதன் பஸ் இல்லையென்று
தலையைத் திருப்பிக்கொண்டது.
நீளம்?
நான் பக்கத்தில படுத்துக் காட்டவா? என்றான் பெர்னாட்.
ஒரு கதவு, அதற்கு மேல் வால்
என்று எழுதினேன்.

விளக்குக் கம்பத்தில் கூழைக்கடா.
அதுக்குக் கீழ நிக்காதீங்க பிள்ளையள் என்றார் ஓட்டோக்காரர்.
ஏனென்பதை
அவருடைய ஓட்டோவின் கூரை சொன்னது.

நாற்பதாவது ஒரு நத்தை.
அதை மட்டும்தான் அசையாமல் எடுத்தோம்.

நாற்பத்தொன்று பகலில் இல்லை.
அன்றிரவு போன் என் முறை.
எங்கள் வீட்டின் பின்தகரம்
கால்வாயில் முடிகிறது.
பேலியகொடையில் மீன் இறக்கும் அப்பா
இரண்டு மணிக்கு எழும்பிப் போன பிறகு
தகர ஓட்டைக்கு அப்பால்
ஏதோ குந்தியிருந்தது.

பூனை என்றுதான் நினைத்தேன்.
பூனைக்கு அவ்வளவு தோள் இல்லை.
உலைப்பானையில் கை விட்டு
அம்மா தண்ணீர் மட்டம் பார்ப்பது போல
கால்வாய்க்குள் கையை விட்டது.
பார்த்துக்கொண்டே இருந்தது.
எடுத்தபோது ஒரு திலாப்பியா.

மூன்று படம்.
ஒன்றில் தகரம். ஒன்றில் என் விரல்.
மூன்றாவதில் இரண்டு கண்,
வெடிப்புத் தந்த இரண்டாவது வால்.

கொடுப்புலியடி! என்று
வகுப்பே திரும்பக் கத்தினாள் லோஜினி.
உங்கட வீட்டிலயா? கொழும்பிலயா?
ரீலோட் போட்டு அனுப்பினோம்.
முகம் தெரியாத யாரோ மூவர்
ஆம், அதுதான் என்றார்கள்.

காகத்துக்கும் கபரக்கொய்யாவுக்கும்
வரைபடத்தில் கடுகளவு பச்சைப் புள்ளி,
நின்ற இடத்திலேயே.
இதற்கு மட்டும்
பாதி நகரத்தை மூடிய மங்கலான சதுரம்.
கீழே ஒரு வரி:
இவ்விலங்கின் பாதுகாப்புக் கருதி
இடம் மறைக்கப்பட்டுள்ளது.

நுஸ்கிக்குக் கோபம்.
அப்ப நாங்கதான் கண்டதெண்டு
ஆருக்குத் தெரியும்?

நான் பேசவில்லை.
மாசியில் இரண்டு பேர் வந்தார்கள்.
அவர்களுடைய திரையில் வெடிப்பு இல்லை.
வாசலில் நின்று படம் எடுத்தார்கள்;
தலை துவட்டிக்கொண்டே அம்மா அதில் விழுந்தாள்.
எத்தனை பேர்?
நீளம்? அகலம்?
தகரமா, பலகையா?
உறுதி இருக்கா என்று கேட்டபோது மட்டும்
அப்பா மற்றப் பக்கம் பார்த்தார்.
கதவில் சிவப்பு மையால் ஓர் இலக்கம் போட்டுப் போனார்கள்.
அந்த வரைபடத்தில் நாங்கள்
ஓரடி பிசகாமல் இருக்கிறோம்.

கொடுப்புலி பிறகும் வந்தது.
அப்பாவின் சாரத்து மீன் வாசத்துக்கு என்கிறாள் அம்மா.
இரண்டு பேருக்கும் ஒரே பிழைப்பு,
ஒரே நேரத்து வேலை.

போனைத் திருப்பிக் கொடுக்கும் நாள்
நாற்பத்தொன்றைத் திறந்தேன்.
பதினொரு வீதம் இருந்தது.
வாழிடம்: கால்வாய்க்கரை. ஆழமில்லை. மீன் உண்டு.
குறிப்புகள் என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்தது.
அதே கரையில் மனிதர், ஐந்து
என்று தட்டினேன்.

நிச்சயமா? என்றது திரை.

ஆம் என்ற சொல்
வெடிப்புக்கு நேர் கீழே இருந்தது.
இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது.